ஓவர்டிரைவ் பெடலில் ஆம்பின் குரல்: எல்லைப்புறக் கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக-கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் தொடங்கி மறையூர், மூணாறு, பீருமேடு, குமுளி வரை இன்னிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வால்வு ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தால் வரும் குரலைக் குறைந்த சத்தத்தில் எடுப்பதுதான் ஓவர்டிரைவ் பெடலின் முதல் வேலை. 30 வாட் வால்வு ஆம்ப் ஒன்று தன் இயல்பான கரகரப்புக்கு வருவதற்குள், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாமல் போய்விடும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள் இருக்கும் இடத்தில், அதற்கு வழியே இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் திருவிழா மேடைகளில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் கிட்டாருக்கென்று ஆம்பே இருக்காது. சவுண்ட் சர்வீஸ்காரர் நீட்டும் கேபிள் நேராக மிக்ஸருக்குப் போகும். இரண்டு இடத்திலும் ஆம்ப் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கு பெடலின் தலையில்தான் விழுகிறது. கோயம்புத்தூர்க் கடையில் வாசித்துப் பார்த்தபோது இனித்த பெடல், ஊர் மேடைக்கு வந்ததும் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இரைவதற்கும் காரணம் இதுதான். கடையில் அதற்குப் பின்னால் ஓர் ஆம்பும் 12 அங்குல ஸ்பீக்கரும் இருந்தன. மேடையில் அவை இல்லை.

ஆம்ப் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் பெடலிடம் எதைக் கேட்கலாம் என்பது தெரியும். கிட்டாரிலிருந்து வரும் சின்ன மின் அலை முதலில் முன்பெருக்கி வால்வுகளுக்குப் போகிறது. பெரும்பாலான ஆம்புகளில் அது 12ஏஎக்ஸ்7 வகை. பிறகு இஎல்84, இஎல்34, 6எல்6 போன்ற பவர் வால்வுகள், ஒரு டிரான்ஸ்பார்மர், கடைசியில் ஸ்பீக்கர். கரகரப்பு இவற்றில் ஏதோ ஓரிடத்தில் மொத்தமாகப் பிறப்பதில்லை. ஒவ்வொரு கட்டமும் அலையின் உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்குகிறது. பிக்கை ஓங்கி அடிக்கும்போது பவர் சப்ளையின் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி எழும்; சுரம் முதலில் அமுங்கி, பிறகு மலர்ந்து நீள்வது அதனால்தான். மெல்ல வருடினால் அதே ஆம்ப் தெளிவாக ஒலிக்கும். கிட்டாரின் வால்யூமை 10-இலிருந்து 6-க்கு இறக்கினால் கரகரப்பு தானாக விலகும். விரலின் அழுத்தம் அப்படியே குரலின் மாற்றமாக வெளிவருவதுதான் ஆம்ப் போன்ற டோன் என்று சொல்லப்படுவதன் உயிர். கரகரப்பின் அளவு அதற்கு அடுத்த விஷயம். பெடல் வாங்குகிறவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள்.

1977-இல் பாஸ் நிறுவனத்தின் ஓடி-1 வந்தது. 1979-இல் ஐபனீஸின் பச்சை நிற டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808. 1981-இல் பாஸ் எஸ்டி-1. இன்று சந்தையில் கிடைக்கும் மலிவு விலை பச்சைப் பெடல்களில் பெரும்பாலானவை டிஎஸ்808-இன் சுற்றையோ அதன் தம்பி டிஎஸ்9-இன் சுற்றையோ பின்பற்றியவை. ஆகவே அந்த ஒரு சுற்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பெடல்கள் புரிந்த மாதிரி. உள்ளே இருப்பது ஒரு ஆப்-ஆம்ப் சிப்பும், அதன் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக வைத்த இரண்டு சிலிக்கன் டயோடுகளும். மின் அலை டயோடின் எல்லையான சுமார் 0.6 வோல்ட்டை நெருங்கும்போது அதன் தலை வெட்டுப்பட்டு மென்மையாக மடங்குகிறது. டிரைவ் குமிழ் பெருக்கத்தை ஏறக்குறைய 12 மடங்கிலிருந்து 118 மடங்கு வரை கொண்டுபோகும்.

இந்தச் சுற்றில் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. டயோடுகள் பின்னூட்டப் பாதையில் இருப்பதால், வெட்டப்பட்ட அலையோடு வெட்டப்படாத அசல் மின் அலையும் சேர்ந்தே வெளியே வருகிறது. பிக்கின் தொடக்க அடி அழியாமல் கேட்பது அதனால்தான். அடுத்தது, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறைகிறது. தடித்த கம்பிகளின் ஒலி அளவுக்கு மீறி வெட்டுப்பட்டுக் கொழகொழப்பாவதை அது தடுக்கிறது. நடு அலைவரிசை தூக்கலாக இருப்பதாகப் பலர் குறை சொல்லும் அந்தக் குணத்துக்கும் இதுவே வேர். எஸ்டி-1-இல் ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் இரண்டு. அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் சமமில்லாமல் வெட்டுப்படுவதால் இரட்டைப்படை மேற்சுரங்கள் சேர்கின்றன; வால்வின் முதல் கட்டம் செய்வதற்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு பெடல் தனியாக ஆம்பின் குரலைத் தந்துவிடாது. அதில் இல்லாதது ஸ்பீக்கர். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் முழுமையான ஒலிக்கருவியே அல்ல. செலஸ்டியன் போன்ற நிறுவனங்கள் தம் கிட்டார் ஸ்பீக்கர்களுக்குத் தரும் எல்லை பெரும்பாலும் 75 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே ஒலி செங்குத்தாக விழுந்துவிடும். கரகரப்பில் பிறக்கும் கூர்மையான மேற்சுரங்கள் 5000-க்கு மேலேதான் மண்டிக்கிடக்கின்றன. கிட்டார் ஸ்பீக்கர் அவற்றை வாயை மூடி அனுப்பிவிடுகிறது. மேடையின் பி.ஏ. ஸ்பீக்கரில் இருக்கும் ஹார்ன், பாடகரின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டி ஒலிக்கும். பெடலை நேராக மிக்ஸரில் செருகினால் ஆம்ப் மறைத்துவைத்த குப்பை எல்லாம் ஊருக்கே கேட்கும். பெடலை மாற்றிமாற்றி வாங்கி இந்தக் குறையைத் தீர்க்கவே முடியாது. எல்லைப்புறக் கலைஞர்களின் கைக்காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே நேராக மிக்ஸருக்குப் போகிறவர் வாங்க வேண்டிய இரண்டாவது பொருள் இன்னொரு ஓவர்டிரைவ் அல்ல, கேப் சிமுலேட்டர். ஸ்பீக்கர் பெட்டியின் வடிகட்டலை மின்சுற்றாகவோ, ஐ.ஆர். எனப்படும் டிஜிட்டல் பதிவாகவோ செய்துதரும் சின்னப் பெட்டி அது. 1989-இல் டெக் 21 நிறுவனம் வெளியிட்ட சான்ஸ்ஆம்ப் இந்த வழியைத் திறந்துவைத்தது. இன்று ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெடலில் பாவனை செய்யப்பட்ட மலிவான மாதிரிகளும் உண்டு. வரிசையில் அது ஓவர்டிரைவுக்குப் பின்னால், மிக்ஸருக்கு முன்னால் நிற்க வேண்டும். மல்டி-எஃபெக்ட்ஸ் கருவி வைத்திருப்பவர்கள் அதில் 'கேப்' என்ற பகுதி அணைந்து கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆம்புக்குப் போகும்போது அணைத்ததை மிக்ஸருக்குப் போகும்போது மறுபடி போட மறப்பது எங்கும் நடப்பது.

அந்தப் பெட்டிக்கும் வழியில்லாத நாளில் மிக்ஸரிலேயே கொஞ்சம் சமாளிக்கலாம். சிறிய மிக்ஸர்களில் ஹை குமிழ் பொதுவாக 12,000 ஹெர்ட்ஸை மையமாக வைத்தது. அதை முழுக்க இறக்கினாலும் 5000 அருகே சரிவு மிதமாகத்தான் இருக்கும். ஆகவே பெடலின் டோனையும் கிட்டாரின் டோன் குமிழையும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும். லோ-கட் பொத்தான் இருந்தால் அழுத்திவிடலாம். இதைவிட நல்ல வழி, சின்னப் பயிற்சி ஆம்ப் ஒன்றை மேடையில் வைத்து, பாடகருக்குக் கொடுக்கும் சாதாரண டைனமிக் மைக் ஒன்றை அதன் வலைத்துணிக்கு அருகே நிறுத்துவது. மைக்கின் முனை ஸ்பீக்கரின் நடு மூடியைப் பார்த்தால் ஒலி கூர்மையாகும். விளிம்பு நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினால் உருண்டு வரும். 10 வாட் ஆம்பும் இதற்குப் போதும்.

கேபிள் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் டோனில் பாதியைத் தின்றுவிடும். கிட்டாரின் பிக்கப் 5 லட்சம் முதல் 10 லட்சம் ஓம் வரை மின்தடை உள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. மிக்ஸரின் லைன் உள்ளீடு பல மாதிரிகளில் 10 ஆயிரம், 20 ஆயிரம் ஓம்தான். கிட்டாரை நேராக அதில் செருகினால் மேல் ஒலி செத்துப்போகும். பெடல் ஓடும்போது இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ட்ரூ பைபாஸ் பெடலை அணைத்தவுடன் கிட்டார் மறுபடி மிக்ஸரோடு நேராக இணைந்துவிடுகிறது. கிளீன் ஒலி போர்வை மூடியதுபோல் மங்குவது அதனால். பாஸ், ஐபனீஸ் பெடல்கள் அணைந்திருக்கும்போதும் பஃபர் வேலை செய்வதால் இங்கே அவை உதவி. மேடைக்கும் மிக்ஸருக்கும் இடையே தூரம் அதிகம் என்றால் நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி ஒலியை மாற்றித்தரும் டி.ஐ. பாக்ஸ் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கிட்டார் கேபிளை முப்பது மீட்டர் இழுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

இனி குமிழ்களுக்கு வருவோம். டிரைவை 9 மணி நிலையிலும், டோனை 12 மணியிலும் வைத்து, பெடலைப் போட்டாலும் அணைத்தாலும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி லெவலைச் சரிசெய்வதுதான் தொடக்கம். சத்தம் சமமாக இல்லாவிட்டால், கூடச் சத்தமாக இருப்பதே நல்ல டோன் என்று காது ஏமாந்துவிடும். பிறகு ஒரு ஈ மேஜர் கார்டை விரல் நுனியால் மெல்லத் தடவி, அடுத்து பிக்கால் ஓங்கி அடிக்க வேண்டும். இரண்டுக்கும் குரல் மாறினால் டிரைவ் சரி. இரண்டும் ஒரே மாதிரி இரைந்தால் டிரைவ் கூடிவிட்டது. மெல்லத் தடவியது தெளிவாகவும் ஓங்கி அடித்தது விளிம்பில் கடிப்பதாகவும் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, கிட்டாரின் வால்யூமை 7-க்கு இறக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட கிளீன் ஒலி வர வேண்டும். ரிதமுக்கு 7, சோலோவுக்கு 10. ஒரு பாட்டு முழுக்கப் பெடலை மிதிக்காமலே வாசித்துவிடலாம். டோன் குமிழை மட்டும் கடைசியில், ஸ்பீக்கரிலிருந்து சில அடி தள்ளி நின்று தொட வேண்டும்.

உண்மையான வால்வு ஆம்ப் கிடைக்கிற நல்ல நாளில் டிரைவை இன்னும் குறைத்து, லெவலைக் கூட்டலாம். பெடல் தன் கரகரப்பைச் சேர்ப்பதைவிட ஆம்பின் முதல் வால்வைத் தள்ளிவிடும் வேலையைச் செய்யும். கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் டியூப் ஸ்க்ரீமரை ஃபெண்டர் ஆம்புகளோடு சேர்த்த விதம் இதுதான். ஃபெண்டர் ஆம்புகளில் நடு அலைவரிசை சற்றுக் குழிவானது. டியூப் ஸ்க்ரீமரின் நடு மேடு அந்தக் குழியில் போய் அமர்கிறது. நடு ஏற்கெனவே தூக்கலான மார்ஷல் வகை ஆம்பில் அதே பெடல் மூக்கால் பேசுவதாகத் தோன்றலாம். அங்கே பாஸ் நிறுவனத்தின் ப்ளூஸ் டிரைவர் போன்ற, நடுவை அதிகம் தொடாத பெடல் பொருந்தும். டிரான்சிஸ்டர் ஆம்பில் கதை வேறு. அதைத் தள்ளினால் மென்மையாக மடங்காது, சட்டென்று உடைந்து இரையும். அங்கே ஆம்பைக் கிளீனாக, தாராளமான இடைவெளியோடு வைத்துப் பெடலையே முழுக் குரலாக நடத்த வேண்டும்.

எல்லைப்புறக் குழுக்களின் பாட்டுப் பட்டியல்தான் இந்தக் கலைக்குப் பெரிய சோதனை. ஒரே இரவில் இளையராஜாவும் வருவார், மலையாள மெலடியும் வரும், நள்ளிரவுக்கு மேல் 2008-இல் வந்த அவியல் குழுவின் ஆல்பத்திலிருந்து ஒரு ராக் பாட்டும் கேட்பார்கள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டுக்குப் பெடலை அணைப்பது தவிர வேறு மரியாதை கிடையாது. கார்டு நிறைந்த மற்றப் பாட்டுகளில் டிரைவ் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஏ (110 ஹெர்ட்ஸ்), ஈ (165 ஹெர்ட்ஸ்) ஆகிய இரண்டு சுரங்களும் சேர்ந்து வெட்டுப்படும்போது அவற்றின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் பிறக்கும். அது கீழ் ஸ்தாயி ஏ, கார்டுக்கு உறவு. பவர் கார்டு கனமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். அதே ஏ-யோடு சி ஷார்ப்பை (138.6 ஹெர்ட்ஸ்) சேர்த்தால் வித்தியாசம் 28.6, கூட்டுத்தொகை 248.6. முன்னது காதுக்கு வெறும் உறுமல். பின்னது பி சுரத்துக்கு அருகே, அதுவும் சுருதி தப்பி நிற்பது. ஏ மேஜர் கார்டில் பி-க்கு இடமில்லை. மேஜர், மைனர், செவன்த் கார்டுகளைப் பெரிய டிரைவில் வாசித்தால் கலங்கலாகக் கேட்பது வாசிப்பவரின் விரல் குற்றமல்ல. கார்டு எவ்வளவு நிறைவோ டிரைவ் அவ்வளவு குறைய வேண்டும். அல்லது ஆறு கம்பிக்குப் பதில் நடுவே இரண்டு, மூன்று கம்பிகளை மட்டும் அடிக்க வேண்டும்.

தனிச் சுரங்களில் நிலைமை நேர்மாறு. கமகத்தை இழுத்து வாசிக்க, சுரம் நீண்டு நிற்க வேண்டும். ஓவர்டிரைவின் அமுக்கம் அதைத் தருகிறது. கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் கர்நாடக சங்கீதத்தின் வளைவுகளைக் கரகரப்பான கிட்டாரில் கொண்டுவந்தது கேரளத்து ராக் இசையின் பெரிய சாதனைகளில் ஒன்று. 2008-இல் வந்த 'மக்தூப்' ஆல்பத்தைக் கவனமாகக் கேட்பவருக்கு அது புரியும். ஜாருவும் கம்பி இழுப்பும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் கழுத்துப் பக்கத்துப் பிக்கப், குறைந்த ட்ரெபிள், நடுத்தர டிரைவ் ஆகிய மூன்றும் நல்ல தொடக்கம். இந்தத் திசையில் எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு வலு இருக்கிறது: இரண்டு மொழிப் பாட்டும், நாதஸ்வரமும் சிறு வயது முதல் காதில் ஏறியவை. அந்தக் காதை வெறும் இரைச்சலில் தொலைக்கக் கூடாது.

ஒரு பெடலில் பெரிய டிரைவ் வைப்பதைவிட, இரண்டு பெடல்களில் சின்னச் சின்ன டிரைவ் வைப்பது ஆம்புக்கு நெருக்கமாக வரும். காரணம் மேலே சொன்னதுதான்: ஆம்பிலும் வெட்டு பல கட்டங்களில் நடக்கிறது. நடு தூக்கலான பச்சைப் பெடல் முன்னால், நடுவைத் தொடாத பெடல் பின்னால் என்ற வரிசை பெரும்பாலும் ஒத்துவரும். வா பெடல் இவற்றுக்கு முன்னாலும், கோரஸ், டிலே, ரிவர்ப் பின்னாலும் நிற்கட்டும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய பாணி ஃபஸ் பெடல்கள் வெப்பத்துக்கு ஏற்பக் குரல் மாறும். மூணாற்றின் குளிரில் சரிசெய்த ஒன்று பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் வேறு மாதிரி பேசும். சிலிக்கன் பெடல்களில் அந்தத் தொல்லை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

வீட்டில் சரிசெய்த டோன் மேடையில் நிலைக்காததற்குக் காதும் ஒரு காரணம். குறைந்த சத்தத்தில் மனிதக் காது கீழ் ஒலியையும் உச்ச ஒலியையும் குறைவாகக் கேட்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். லயத்து அறையில் மெல்ல வாசிக்கும்போது கை தானாக பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைக் குறைக்கும். மேடையில் சத்தம் ஏறியதும் அந்த பாஸ் உறுமும், ட்ரெபிள் குத்தும், கிட்டாரோ கீபோர்டுக்குப் பின்னால் காணாமல் போகும். தனியாகக் கேட்டால் மூக்கடைத்ததுபோல் தோன்றும் நடு அலைவரிசைதான் குழுவுக்குள் கிட்டாரின் முகவரி. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கின்றன. அங்கே ஓவர்டிரைவ் கிட்டாருக்கு எந்த வேலையும் இல்லை. தேவாலயங்களில் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையும் அதே பகுதியில் நடமாடுவதால், இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது பெடல் எதையும்விடப் பயன்தரும்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. பெரும்பாலான ஓவர்டிரைவ் பெடல்கள் 9 வோல்ட்டுக்கானவை, நடுமுனை நெகட்டிவ். 18 வோல்ட் கொடுத்தால் குரல் விரியும் என்று கேள்விப்பட்டு, பெடலின் அடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் கொடுத்தால் பெடல் கருகலாம். பழைய பாணி ஓவர்டிரைவ்கள் மிகக் குறைந்த மின்சாரமே குடிப்பதால் ஒரு பேட்டரியில் பல நிகழ்ச்சிகள் ஓடும், அடாப்டரின் இரைச்சலும் இருக்காது. உள்ளீட்டு ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும்வரை, பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்; வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். சிங்கிள் காயில் கிட்டாரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால், டியூப்லைட் சோக்கிலிருந்து விலகி நின்று உடம்பைக் கொஞ்சம் திருப்பினாலே பாதி குறையும். டிரைவ் கூடக்கூட அந்த உறுமலும் பெருகும் என்பது குறைந்த டிரைவுக்கு இன்னொரு நியாயம்.

உறுமலைப் போக்க ஆம்பின் எர்த் பின்னை உடைப்பதோ, மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றுவதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. 1972-இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீயில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். மழை ஈரம் காயாத மலைமேடையில், ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சியில் இந்த ஆபத்து பன்மடங்கு. நிகழ்ச்சி தொடங்குமுன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறுமுனையைக் கிட்டாரின் கம்பியிலும் வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். பத்துப் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்பணியாளர் எர்த்தைச் சரிசெய்யும்வரை யாரும் வாசிக்கவோ பாடவோ கூடாது. மேடைக்கு வரும் லைனில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று விழாக் குழுவிடம் கேட்பது கலைஞரின் உரிமை. கேட்கும்போது யாராவது முகம் சுளித்தாலும், குழுவின் மூத்தவர் முன்னால் நின்று கேட்டே ஆக வேண்டும்.

அன்புடன்,
எல்லைப்புற இசையின் நலம் நாடும் ஒருவர்